கண்ணாடி டம்ளரில் வாசனை மெழுகுவர்த்தி

போன வருஷம் சித்திரை முடிகிற சமயம். வைகாசியில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு என்ன கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் கிண்ணம், ரவிக்கைத் துணி எல்லாம் எல்லார் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. "மதினி, நீங்கதான் கைவேலை செய்வீங்களே! வாசனை மெழுகுவத்தி செஞ்சு குடுங்களேன். சோயா மெழுகுல செய்றாங்களாம், புகையே வராதாம்" என்றாள் நாத்தனார். வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முப்பது டம்ளர் என்று கணக்குப் போட்டோம்.

செம்பட்டியில் எங்கள் வீடு. திண்டுக்கல்லிலிருந்து வருகிற பஸ் வத்தலக்குண்டுக்கும் பழநிக்கும் பிரிகிற ஊர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பக்கம் நிலக்கோட்டை, அந்தப் பக்கம் ஆத்தூர், சின்னாளபட்டி. சித்திரை, வைகாசியில் மல்லிகை கொட்டிக் கிடக்கும். தை மாதத்தில் முழம் வாங்க யோசிக்கிற நாம் அப்போது படிப்படியாக வாங்கலாம். ஆகவே என் மாமியார் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். "ஏத்தா, நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு வேற என்ன வாசனை? மல்லியப்பூதான் போடணும்."

முதலில் ஒன்று செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மெழுகை உருக்கினேன். ஜூஸ் குடிக்கிற மெல்லிசான கண்ணாடி டம்ளரில், மாமியார் விளக்குக்குத் திரித்து வைத்திருந்த பஞ்சுத் திரியையே நட்டு ஊற்றினேன். மல்லிகை எசன்ஸ் என்று கடையில் வாங்கியதை நாலைந்து ஸ்பூன் விட்டேன். நிழலில் காயவைத்த மல்லிகையை மேலே அழகாகப் பரப்பினேன். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி! இவர் உடனே போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார்.

சாயந்தரம் ஏழு மணிக்கு அதைக் கூடத்து முக்காலியில் ஏற்றி வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போனேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். "படார்" என்று ஒரு சத்தம். ஓடி வந்தால், மேலே கிடந்த பூவெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு திரியாகி டம்ளர் முழுக்கத் தீ. டம்ளர் இரண்டாகப் பிளந்து, உருகிய மெழுகு முக்காலியிலிருந்து வழிகிறது. இரண்டு முழ தூரத்தில் என் மூன்று வயதுப் பெண் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். நான் புத்தி கெட்டுப்போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். மாமியார் அதற்குள் ஒரு கையால் குழந்தையை இழுத்துவிட்டு, மறு கையால் பித்தளைத் தாம்பாளத்தைத் தீயின் மேல் கவிழ்த்தார். அணைந்தது. தண்ணீரை மட்டும் ஊற்றியிருந்தேனானால்! எரிகிற மெழுகும் எண்ணெய் மாதிரிதான். தண்ணீர் பட்டால் தீயோடு சேர்ந்து நாலா பக்கமும் தெறிக்கும்.

குழந்தையின் கால் பெருவிரல் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. மொச்சைக் கொட்டை அளவுக்குச் சிவந்துவிட்டது. இட்லி மாவு வைக்கலாம் என்றார் ஒருவர், பற்பசை என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு அக்கா நர்ஸ் வேலை பார்த்தவர். அவர் எல்லாரையும் விலக்கிவிட்டு, குழாயைத் திறந்து இருபது நிமிஷம் காலைத் தண்ணீரில் காட்டச் சொன்னார். ஐஸ் கூடாது, சாதாரணத் தண்ணீர்தான். ஒட்டியிருந்த மெழுகைப் பிய்க்கவும் விடவில்லை. பிய்த்தால் தோலும் கூடவே வருமாம். தண்ணீரில் இறுகி, தானாக உதிர்ந்தது. கொப்புளம் வந்து ஒரு வாரத்தில் ஆறிப்போனது. ஆனால் என் மனசு ஆறவில்லை. இதே மாதிரி முப்பது டம்ளரை முப்பது வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருப்பேனே! அதில் எத்தனை வீட்டில் கைக்குழந்தை!

இவர், "விட்டுடு, வேற ஏதாவது வாங்கிக்கலாம்" என்றார். எனக்குத்தான் ரோஷம். எங்கே தப்புப் பண்ணினேன் என்று தெரியாமல் விடக் கூடாது என்று, படித்தும் கேட்டும், ஒன்பது டம்ளர் பாழாக்கியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெழுகு என்றால் என்ன?

கடையில் வாங்குகிற வெள்ளை மெழுகுவர்த்தி பாரபின். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட சகோதரி. சோயா மெழுகு, நம் டால்டாவுக்குச் சகோதரி! ஆச்சரியமாக இருக்கிறதா? திரவமான தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-ல் நார்மன் என்ற ஜெர்மானியர் உரிமம் பெற்றார். அந்த முறையில்தான் வனஸ்பதி தயாராகிறது. 1937-ல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த டால்டாவும் அப்படித்தான். சோயா எண்ணெயை அதே வழியில் இன்னும் கெட்டியாக்கி, மெழுகுவர்த்திக்கு உபயோகிக்கத் தொடங்கியது அமெரிக்காவில், 1990-களில்.

அப்படியானால் டால்டாவிலேயே செய்யக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். எரிகிறது, ஆனால் நம் உடம்புச் சூட்டை ஒட்டியே அது இளகிவிடும். மத்தியானம் பார்த்தால் திரி ஒரு பக்கம் சாய்ந்து, டம்ளரில் பாயசம் மாதிரி நின்றது.

தேங்காயெண்ணெயும் இதே கதைதான். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து கிடந்து நம்மைப் படுத்துகிற எண்ணெய், 25 டிகிரிக்கு மேலே போனால் தண்ணீராகிவிடும். ஆனால் இந்தத் தேங்காயெண்ணெயில் மெழுகுவர்த்தி செய்து ஒரு பெரிய கம்பெனியே நடந்திருக்கிறது! 1830-ல் லண்டனில் வில்லியம் வில்சன் என்பவர் கூட்டாளியோடு ஆரம்பித்த கம்பெனி, பிற்பாடு பிரைஸ் கம்பெனி என்று பிரபலமானது. இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோப்பில் பணம் போட்டார்கள். எண்ணெயைக் குளிரவைத்து அழுத்திப் பிழிந்தால், இளகிய பகுதி வழிந்துபோய்க் கெட்டியான பகுதி நிற்கும். அதில்தான் மெழுகுவர்த்தி. 1840-ல் விக்டோரியா ராணியின் கல்யாணத்தன்று வீட்டுக்கு வீடு ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள் என்பதைக் கணக்குப் பண்ணி, கொழுப்பும் தேங்காயெண்ணெயும் கலந்து மலிவான ரகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இலங்கைத் தேங்காய் லண்டன் ஜன்னலில் எரிந்த கதையை மாமியாரிடம் சொன்னேன். "அவுக ஊர் குளிருக்கு எரியும். நம்ம வெயிலுக்கு?" என்று ஒரே வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அதுதான் விஷயம். டம்ளரில் ஊற்றுவதற்கென்று வரும் சோயா மெழுகு ஏறக்குறைய 45-லிருந்து 55 டிகிரியில் உருகுகிறது. தனியாக நிற்கிற தூண் மாதிரி வார்த்தால், அக்கினி நட்சத்திரத்தில் இடுப்பு வளைந்து நிற்கும். ஆகவே தாவர மெழுகுக்குப் பாத்திரம் என்பது அலங்காரம் இல்லை, முதுகெலும்பு. எங்கள் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தொடுகிறதே, அதற்காக நான் இன்னொன்றும் சேர்க்கிறேன். தவிட்டு எண்ணெய் சுத்தம் செய்யும்போது மிஞ்சுகிற தவிட்டு மெழுகு. அது உருக 75 டிகிரிக்கு மேல் வேண்டும். 100 கிராம் சோயாவுக்கு 6 கிராம் போதும், கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். ஜாஸ்தி போட்டால் வெடிக்கும். இரண்டும் மெழுகு சாமான் விற்கிறவர்களிடம் கிடைக்கின்றன. எனக்குக் கூரியரில் வந்தது.

நாத்தனார் சொன்ன மாதிரி "புகையே வராதா" என்றால், வரும் சகோதரிகளே! சோயாவோ பாரபினோ, எரிகிற எதுவும் கரி கக்கும். திரி நீளமாக இருந்தால், காற்றில் ஆடினால், வாசனை ஜாஸ்தியானால் சுவர் கறுக்கும். தாவரத்திலிருந்து வந்தது என்பதால் சாம்பிராணிப் புகை சாதுவாகிவிடுகிறதா என்ன?

திரி

என் முதல் டம்ளரில் மாமியாரின் பஞ்சுத் திரியைப் போட்டேனே, அது அகல் விளக்குக்கு உத்தமமான திரி. எண்ணெய் நீர்த்தது, தடையில்லாமல் ஏறும். அவ்வப்போது தூண்டிவிடவும் நாம் பக்கத்தில் இருப்போம். மெழுகுவர்த்தியை யார் தூண்டுவது? அந்தக் காலத்தில் மேல்நாட்டிலும் கத்தரிக்கோல் மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு கரியைக் கிள்ளிக்கொண்டேதான் இருந்தார்களாம். 1825-ல் பிரான்சில் கம்பசேர் என்பவர் திரியைப் பின்னல் போட்டார். மூன்று கால் பின்னல் போட்ட திரி, எரிய எரிய நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானாகவே சாம்பலாகிவிடும். நம் பெண் பிள்ளைகளுக்குத் தினமும் போடுகிற ஜடைதான்!

ஆகவே பின்னல் திரியை, அடியில் தகர வில்லை வைத்ததாக, மெழுகுக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். தடிமனுக்கு நம்பர் உண்டு. டம்ளரின் வாய் அகலத்தைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் ஒரே நம்பரை நம்ப வேண்டாம். அதற்கு ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்று மூன்று நம்பர் வாங்கி, மூன்று டம்ளர் செய்து எரித்துப் பாருங்கள். திரி சன்னமாக இருந்தால் நடுவில் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கும், சுற்றிலும் மெழுகு வீணாக நிற்கும். தடித்திருந்தால் சுடர் ஆடும், புகையும், டம்ளர் தொட முடியாமல் கொதிக்கும். ஒரு அங்குல அகலத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் மெழுகு விளிம்பு வரை உருகி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நின்றால் அதுவே உங்கள் திரி. எனக்கு மூன்றாவது தடவைதான் அமைந்தது.

மல்லிகை ஏன் மணக்கவில்லை?

இதற்குத்தான் நான் ரொம்ப மெனக்கெட்டேன். பூவை மெழுகில் போட்டால் தண்ணீர்ச் சத்து தெறிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், காய்ந்த பூவோ தீப்பிடிக்கும். அது புரிந்துபோனது. வாசனையை மட்டும் இறக்கினால்?

மல்லிகைக்கு ஒரு குணம் உண்டு. செடியிலிருந்து பறித்த பிறகும் அது மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மத்தியானம் மொட்டாகத் தொடுத்து வைத்தால் விளக்கு வைக்கிற நேரம் கூடமெல்லாம் மணக்கிறதே, அதனால்தான். பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் கண்ணாடிப் பலகையில் கொழுப்பைத் தடவி, அதன் மேல் மல்லிகையைப் பரப்பி, தினமும் பூவை மாற்றி மாற்றி வாசனையைக் கொழுப்புக்குள் ஏற்றியிருக்கிறார்கள். அடுப்பே இல்லாத முறை. வடக்கே எள்ளோடு பூவை அடுக்கி வைத்து, பிறகு எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பதும் இதே யுக்திதான். நானும் ஒரு தட்டில் டால்டா தடவிப் பத்து நாள் மொட்டு மாற்றினேன். தட்டை மூக்கருகே கொண்டுபோனால் மணந்தது. மெழுகில் கலந்து ஏற்றினால் ஒன்றையும் காணோம். "பத்து நாள் பூவ என் தலைக்குக் குடுத்திருந்தா வீடே மணத்திருக்கும்" என்றார் மாமியார்.

சென்ட்டுக்காக மல்லிகை வாங்குகிறவர்கள் பூவை ஒரு கரைப்பானில் ஊறவைத்து, வாசனையும் பூ மெழுகும் சேர்ந்த குழம்பு ஒன்றை எடுக்கிறார்கள். அது ஒரு கிலோ கிடைக்கப் பல நூறு கிலோ மொட்டு வேண்டும். அதை ஆல்கஹாலில் கழுவி வாசனையைப் பிரித்தால், மிச்சம் நிற்பது அசல் மல்லிகை மெழுகு. ஆமாம், நம் தலையில் வைக்கிற பூவுக்குள்ளேயே மெழுகு இருக்கிறது! இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, சின்னப் பாட்டிலில் மலிவாக விற்கிற "மல்லிகை எண்ணெய்" பூவைப் பார்த்தே இருக்காது என்று புரிந்தது. செயற்கை வாசனை என்பதற்காக அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். மெழுகுவர்த்திக்கென்று தயாரித்து, எவ்வளவு சேர்க்கலாம் என்று அச்சிட்டிருந்தால் தாராளமாக உபயோகிக்கலாம். சமையல் எசன்ஸும், பூஜை சென்ட்டும், தண்ணீரோ ஸ்பிரிட்டோ கலந்த எதுவும் வேண்டவே வேண்டாம்.

கற்பூரம் போட்டால் மணக்குமே என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். கூடவே கூடாது. அது மெழுகின் மேல் ஆவியாகித் தீயைப் பாய்ச்சும். தவிர, கற்பூரம் குழந்தை வாயில் போனால் வலிப்பே வரும். யூகலிப்டஸ் தைலமும் அப்படியே. கொடைக்கானல் போய்வருகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி அலமாரியில் கீழ்த்தட்டில் வைக்கிறோம். ஒரு டீஸ்பூன் குடித்தாலும் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. அப்படி ஏதாவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியில் எலுமிச்சம்புல் தைலம்தான் கைகொடுத்தது. நாத்தனாருக்கு அப்போது மல்லிகை வாசனையே குமட்டுகிறது என்று வேறு தெரியவந்தது! இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள், அம்மா கோபித்துக்கொள்வார் என்று.

செய்முறை

100 மில்லி கொள்ளும் தடித்த கண்ணாடிப் பாத்திரம், மெழுகுவர்த்திக்கென்று விற்பதாகவே வாங்குங்கள். மெல்லிய டம்ளர் வெடிக்கும் என்பதை என் வீட்டு முக்காலி சொல்லும். மூடியுள்ள தகர டப்பாவும் நல்லது. மண் அகல் மெழுகைக் குடிக்கும். கொட்டாங்குச்சியில் ஊற்றிப் படம் பிடித்துப் போடுகிறார்கள், பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் கொட்டாங்குச்சியே நல்ல விறகு என்பதைச் செங்கல் சூளைக்காரரைக் கேட்டால் சொல்வார்.

ஒரு டம்ளருக்கு நான் எடுத்துக்கொள்வது சோயா மெழுகு 80 கிராம், தவிட்டு மெழுகு 5 கிராம், எலுமிச்சம்புல் தைலம் 5 கிராம். வேறு அளவு டம்ளர் என்றால், எதுவரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் 100 மில்லி என்றால் எல்லாம் சேர்ந்து 90 கிராம் பிடிக்கும். பிறகு ஈரம் பொட்டுக்கூட இல்லாமல் துடைத்து வெயிலில் காயவையுங்கள். தைலம் கூடினால் மணம் கூடாது. மெழுகு தாங்காமல் மேலே வியர்த்து நிற்கும், அது தீப்பிடிக்கும்.

அடுப்பில் நேராக மெழுகை வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மூக்கு வைத்த எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி உருக்குங்கள். அந்தப் பாத்திரத்தை அப்புறம் சமையலுக்கு எடுக்க வேண்டாம். தவிட்டு மெழுகை முதலில் போடுங்கள், அது கரைய நேரமாகும். பிறகு சோயா. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று அவசியம். ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள், அது 42 டிகிரியோடு நின்று உடைந்துபோகும். எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை வெளியே எடுங்கள். சூடு 70 டிகிரிக்கு இறங்கியதும் தைலத்தை விட்டு, இரண்டு நிமிஷம் மெதுவாகக் கிளறுங்கள். நுரை வரும்படி அடிக்கக் கூடாது. தைலம் கையில் பட்டால் எரியும், ஜாக்கிரதை.

இதற்கிடையில் டம்ளரின் நடுவே திரியின் வில்லையை ஒரு சொட்டு மெழுகில் ஒட்டி, மேலே இரண்டு ஐஸ்கிரீம் குச்சிக்கு நடுவில் திரியை நிமிர்த்திப் பிடிக்கவையுங்கள். நான் துணி உலர்த்துகிற கிளிப்பை உபயோகிக்கிறேன். டம்ளர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கலவை ஏறக்குறைய 60 டிகிரிக்கு வந்ததும் ஓரமாக, ஒரே சீராக ஊற்றுங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை காலி விட வேண்டும்.

பிறகு ஒன்றும் செய்யக் கூடாது! அதுதான் கஷ்டம். பேன் போடாமல், பிரிட்ஜில் வைக்காமல், ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். அவசரமாகக் குளிரவைத்தால் மேலே பள்ளமும் வெடிப்பும் விழும். விழுந்துவிட்டால் கொஞ்சம் மெழுகைக் காய்ச்சி மேலே ஒரு தடவை ஊற்றினால் சரியாகும். மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் பதற வேண்டாம், சோயாவின் சுபாவம் அது. திரியை 5 மில்லிமீட்டருக்கு நறுக்கி, மூடி, பத்து நாள் வையுங்கள். ஊறுகாய் ஊறுகிற மாதிரிதான் இதுவும். மறுநாளே ஏற்றியதற்கும் பத்தாம் நாள் ஏற்றியதற்கும் மணத்தில் அத்தனை வித்தியாசம்.

முப்பது டம்ளருக்கு மெழுகு இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, தைலம் 150 கிராம் ஆனது. மத்தியான வெயிலில் ஓட்டுக்கடியில் வைத்தால் வியர்க்கிறது என்று, தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மூலையில் வரிசையாக அடுக்கினோம். திண்டுக்கல் மண்டபத்துக்கும் விடியற்காலை முதல் பஸ்ஸில் கொண்டுபோனோம்.

எங்கே ஏற்றக் கூடாது?

ஒவ்வொரு டம்ளரோடும் ஒரு சின்னச் சீட்டு கட்டிக் கொடுத்தேன். "என்னத்தா, பரீட்சை பேப்பர் மாதிரி எழுதிருக்க?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தச் சீட்டில் எழுதியது இதுதான். தொட்டில் கட்டியிருக்கிற அறையில் ஏற்றாதீர்கள். சேலைத் தொட்டில் ஒரு ஆட்டத்தில் எவ்வளவு தூரம் வீசும் என்று நமக்கே தெரியாது. ஜன்னல் திரை, பேன் காற்று, பூஜை மாடத் துணி பக்கத்தில் வேண்டாம். கீழே ஒரு தட்டு வையுங்கள். முதல் தடவை ஏற்றும்போது விளிம்பு வரை உருகும் மட்டும் எரியவிடுங்கள், ஆனால் எப்போதும் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அடியில் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், வில்லை சுட்டால் கண்ணாடி வெடிக்கும். வாயால் ஊதாதீர்கள், மூடியைப் போட்டு அணையுங்கள். அறையை விட்டுப் போனால் அணைத்துவிட்டுப் போங்கள். தோசை ஊற்றத்தானே என்று நினைக்க வேண்டாம்!

சீட்டில் இடம் போதாமல் விட்டுப்போனவற்றை இங்கே சேர்க்கிறேன். கைக்குழந்தையும், இழைப்பு உள்ளவர்களும், வாசனை ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணியும் இருக்கிற மூடிய அறையில் எந்த வாசனை மெழுகுவர்த்தியும் வேண்டாம், அது எத்தனை இயற்கையானதாக இருந்தாலும். எலுமிச்சம்புல் மணத்துக்குக் கொசு ஓடிவிடும் என்று நம்பி வலையைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கிறது. ஒரு மெழுகுவர்த்தி தருகிற பாதுகாப்பு ரொம்பச் சொற்பம். பகல் தூக்கத்துக்கும் குழந்தைக்கு வலைதான்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. வந்தவர்களில் ஒருவர் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஐம்பது கேட்டார். எங்கள் மகளிர் குழுவிலும் தொழிலாக எடுத்துச் செய்யலாமா என்று பேச்சு வந்தது. கணக்கை ஒளிக்காமல் சொன்னேன். செலவில் பெரும்பங்கு தைலமும் கண்ணாடியும். சோதனைக்கு எரிக்கிற டம்ளரை விலையில் சேர்க்காவிட்டால் கைக்காசுதான் போகும். சித்திரை, வைகாசியில் அனுப்பிவைத்தால் வழியிலேயே உருகும். ஆகவே கேட்டவர்களுக்கு மட்டும், முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆடி கழிந்து செய்கிறோம். திரி நம்பரோ டம்ளரோ மாறினால் மறுபடி ஒன்றை எரித்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. எரியும்போது யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருப்போம்.

எரிந்து முடிந்த டம்ளரை வீசிவிடாதீர்கள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் மிச்ச மெழுகு இளகும். பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் ஊற்றினால் அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் புதுசு மாதிரி. குடிக்க மட்டும் உபயோகிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படிச் சேர்ந்த ஏழு டம்ளரை மாமியார் ஜன்னலோரம் வைத்துவிட்டார். தினமும் சாயந்தரம் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மல்லிகை மொட்டு போட்டுவைக்கிறார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மலர்ந்துவிடுகிறது.